காதில் விழுவது எந்த மொழி?

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இரயிலில் மேல்படுக்கையில் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு நேரம். விளக்கை அணைத்துவிட்டார்கள். கீழே இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரியவில்லை, ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் 'இது தெலுங்கு' என்று உங்களுக்குத் தோன்றுகிறது. சற்றுத் தள்ளி வேறு இருவரின் பேச்சு கேட்கிறது. அது தெலுங்கு அன்று என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. பொருளே புரியாத பேச்சிலிருந்து மொழியை எப்படிப் பிரித்தறிந்தீர்கள்? உங்கள் செவி எதைப் பிடித்தது?

இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. ஒரு மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். கட்டட வேலை செய்யும் இடத்தில் தவறி விழுந்த ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அவர் ஏதோ சொல்கிறார். நம்மில் பலர் விந்திய மலைக்கு அப்பால் கேட்கும் பேச்சு அனைத்தையும் 'இந்தி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆகவே இந்தி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வருகிறார்கள். ஆனால் விழுந்தவர் பேசுவது ஒடியாவாக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம், இரண்டுக்கும் தொடர்பே இல்லாத சந்தாலியாகவும் இருக்கலாம். வலி எங்கே, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றையெல்லாம் அவர் தம் மொழியில்தான் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும் மொழி எது என்று தெரிந்தால்தானே அதை அறிந்தவரை அழைக்க முடியும்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பதினாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் இந்தியாவில் 121 உள்ளன. இவற்றில் 22 மொழிகள் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றவை. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 52 கோடியே 83 இலட்சம் பேர் என்று அக்கணக்கு கூறுகிறது. ஆனால் 5 கோடிக்கு மேற்பட்டோர் பேசும் போஜ்புரி முதலான பல பேச்சுகளையும் சேர்த்தே அந்தத் தொகை வருகிறது என்பதை மறக்கலாகாது. 'வடநாட்டு மொழி' என்று ஒரு மொழி இல்லை.

சுவரைத் தாண்டி வருவது எது?

முதலில் ஓர் இயற்பியல் உண்மையைக் காண்போம். பக்கத்து அறையில் சிலர் பேசுகிறார்கள். சுவர் வழியே ஒரு முனகல் போல அப்பேச்சு நம்மை எட்டுகிறது. சொற்கள் கேட்பதில்லை, ஆனால் பேசுபவர் ஆணா பெண்ணா, சண்டையா சமாதானமா என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. இதற்குக் காரணம் யாது?

ஒலியலை மோதும்போது சுவர் மிகச் சிறிதளவு அதிர்கிறது. அந்த அதிர்வுதான் மறுபுறம் ஒலியாக வெளிப்படுகிறது. கனமான பொருளை மெதுவாக ஆட்டுவது எளிது. விரைவாக ஆட்டுவது கடினம். எனவே அதிர்வெண் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும், சுவரைக் கடந்து வரும் ஒலியாற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. டெசிபல் கணக்கில் இது 6 டெசிபல் இழப்பு. வினாடிக்கு 200 அதிர்வுகள் கொண்ட ஒலியையும் 3200 அதிர்வுகள் கொண்ட ஒலியையும் ஒப்பிடுங்கள். நான்கு முறை இரட்டித்தால் 200 என்பது 3200 ஆகிவிடும். ஆகவே பின்னது முன்னதைவிட 256 மடங்கு நலிந்து வரும். உண்மையான சுவர்களில் இக்கணக்கு சற்று முன்பின் இருந்தாலும் போக்கு இதுதான்.

நம் குரல்நாண்களின் அடிப்படை அதிர்வெண் தாழ்ந்தது. ஆண்களுக்கு வினாடிக்கு 100 முதல் 150 வரையும், பெண்களுக்கு 200 அளவிலும் இருக்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் தருவது இந்த அதிர்வே. 'ஸ', 'ச', 'ட' போன்ற மெய்யொலிகளை அடையாளம் காட்டும் ஆற்றலோ பல ஆயிரம் அதிர்வுகளில் இருக்கிறது. சுவர் பின்னதைத் தடுத்து, முன்னதை விட்டுவிடுகிறது. அதாவது, சொற்கள் சுவரின் அந்தப் புறமே நின்றுவிடுகின்றன. பேச்சின் இசையும் தாளமும் மட்டுமே நம்மிடம் வந்து சேருகின்றன. வியப்பு என்னவென்றால், மொழியைப் பிரித்தறிவதற்கு இவ்விரண்டுமே பல நேரங்களில் போதுமானவை!

நான்கு நாள் குழந்தையின் செவி

இதற்குச் சான்று தந்தவர்கள் பிறந்து நான்கே நாளான குழந்தைகள். பிரெஞ்சு உளவியலாளர் ஜாக் மெலர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரெஞ்சும் ரஷ்ய மொழியும் நன்கறிந்த ஒரே பெண்மணியை இரு மொழிகளிலும் பேசச் செய்து பதிவு செய்தனர். குரல் வேறுபாடு குறுக்கிடக் கூடாது என்பதற்காகவே ஒருவரைப் பேசவைத்தனர். குழந்தையின் வாயில் பால் இல்லாத சூப்பானை வைத்துப் பதிவைக் கேட்கச் செய்தனர். புதியது ஒன்று காதில் விழுந்தால் குழந்தை விறுவிறுப்பாகச் சூப்பும். பழகிப்போனால் வேகம் குறையும். மொழியை மாற்றியதும் சூப்பும் வேகம் மாறியது. குழந்தைகள் இரு மொழிகளையும் பிரித்தறிந்தன என்பது தெளிவாயிற்று.

1998இல் நடந்த மற்றோர் ஆய்வில், 400 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளையெல்லாம் வடிகட்டி நீக்கிவிட்டனர். சுவர் செய்யும் வேலையையே இங்கு மின்கருவி செய்தது எனலாம். அப்போதும் பிரெஞ்சுக் குழந்தைகள் ஆங்கிலத்தையும் ஜப்பானிய மொழியையும் வேறுபடுத்தின. ஆனால் ஆங்கிலத்தையும் டச்சு மொழியையும் அவற்றால் பிரிக்க இயலவில்லை. இவ்விரண்டின் தாளமும் ஒன்றுபோல இருப்பதே காரணம்.

பிறந்த சில நாள்களில் இத்திறன் எங்கிருந்து வந்தது? கருப்பையில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கிறது. தாயின் உடலும் அதைச் சூழ்ந்துள்ள நீரும் உயர்ந்த அதிர்வெண்களைத் தடுத்துவிடுகின்றன. தாய்மொழி நமக்கு முதலில் அறிமுகமாவது சொற்களாக அன்று. சுவருக்கப்பால் கேட்கும் பேச்சைப் போல, இசையும் தாளமுமாகத்தான்.

இத்திறன் மனிதனுக்கே உரியது என்று பெருமைப்பட வேண்டாம். டச்சு மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள வேறுபாட்டை எலிகளும் அறியக்கூடும் என்று 2005இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். அதே பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டபோது எலிகள் திகைத்துவிட்டன.

தாளம் என்பது என்ன?

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று படித்திருக்கிறோம். கண் இமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கொண்டு ஒலிகளின் கால அளவைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தமிழில் ஒவ்வோர் உயிரும் தனக்குரிய நேரத்தைப் பெரும்பாலும் பெற்றுவிடுகிறது.

ஆங்கிலம் அப்படி அன்று. 'பனானா' என்ற சொல்லை ஓர் ஆங்கிலேயர் சொல்லும்போது கவனியுங்கள். நடுவிலுள்ள 'னா' மட்டும் ஓங்கி ஒலிக்கும்; முன்னும் பின்னும் உள்ள உயிர்கள் சுருங்கிப்போகும். அழுத்தம் பெற்ற அசை நிமிர்ந்து நிற்க, மற்றவை அதன் காலடியில் பதுங்கிக்கொள்கின்றன. மொழிகளின் தாளத்தை இவ்வாறு அழுத்தவழித் தாளம், அசைவழித் தாளம் என்று பிரித்துப் பெயரிட்டவர் அமெரிக்க மொழியியலார் கென்னத் பைக் (1945).

பிற்காலத்தில் இதை அளந்தும் பார்த்தனர். 1999இல் வெளியான அளவீட்டின்படி, ஆங்கிலப் பேச்சில் உயிரொலிகளுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 40 விழுக்காடு; இத்தாலிய மொழியில் 45; ஜப்பானிய மொழியிலோ 53 விழுக்காடு. ஆகவே ஆங்கிலம் மெய்கள் அடர்ந்த கரடுமுரடான பாதை. ஜப்பானியம் உயிர்கள் சீராக வரும் படிக்கட்டு.

நான்கு 'பால்'

அடுத்த தடயம் மூச்சு. இந்தியில் 'பராமரி' என்பதற்கு ஒரு சொல், ஏர்க்கொழுவுக்கு ஒரு சொல், மயிருக்கு ஒரு சொல், நெற்றிக்கு ஒரு சொல் உண்டு. இந்நான்கையும் தமிழில் எழுதினால் நான்குமே 'பால்'தான்! இந்தி பேசுபவரின் செவிக்கோ இவை நான்கு வெவ்வேறு சொற்கள்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? உதடுகள் திறக்கும் கணத்திற்கும், குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்திற்கும் இடையில் இருக்கிறது. நம் 'பால்' என்னும் சொல்லில் உதடு திறந்தவுடனே, வினாடியின் ஆயிரத்தில் 20 பங்குக்குள் குரல் தொடங்கிவிடுகிறது. ஏர்க்கொழுவைக் குறிக்கும் சொல்லில் முதலில் மூச்சு சீறி வெளிவருகிறது. 60 முதல் 100 பங்கு கழித்தே குரல் எழுகிறது. மயிரைக் குறிக்கும் சொல்லிலோ உதடு திறக்கும் முன்பே குரல் அதிரத் தொடங்கிவிடுகிறது. இது 'அம்பு' என்பதில் நாம் ஒலிக்கும் 'பு' போன்றது. நெற்றியைக் குறிக்கும் சொல்லில் அதிர்வும் மூச்சும் சேர்ந்தே வருகின்றன. லிஸ்கர், ஆப்ரம்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964இல் பதினொரு மொழிகளில் இந்தக் கால இடைவெளியை அளந்து வெளியிட்டனர். அவற்றுள் தமிழும் இந்தியும் மராத்தியும் இருந்தன.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெல்லிய தாள் துண்டு ஒன்றை உதடுகளுக்கு இரண்டு விரற்கடை முன்னால் தொங்கவிடுங்கள். 'பால்', 'பல்', 'பத்து' என்று தமிழில் சொல்லுங்கள். தாள் அவ்வளவாக அசையாது. இப்போது இந்தி தெரிந்த நண்பரை ஏர்க்கொழுவின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தாள் துள்ளும். அடுத்து, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'பல்', 'அம்பு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எந்த 'ப'வில் அதிர்வு இருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும்.

எனவே சொல்லின் முதலிலேயே மூச்சுச் சீறலும் அதிர்வும் மாறி மாறிக் கேட்டால், கேட்பது தமிழ் அன்று என்று துணியலாம். பஞ்சாபியில் இன்னொரு புதுமை உண்டு. அதிர்வும் மூச்சும் சேர்ந்த ஒலிகளை அம்மொழி இழந்துவிட்டது. அவை இருந்த இடத்தில் குரலின் சுருதி தாழ்கிறது அல்லது உயர்கிறது. இந்தியைப் போலவே இருந்து இடையிடையே பாட்டுப்போல் குரல் வளைந்தால், அது பஞ்சாபியா என்று எண்ணிப் பார்க்கலாம்.

'தண்ணீர்' சொல்லும் செய்தி

யாரும் எங்கும் கேட்கும் சொல் தண்ணீர். இந்தச் சொல்லை மட்டும் கவனித்தாலே பல மொழிகளைப் பிரித்துவிடலாம். தெலுங்கில் நீள்ளு, கன்னடத்தில் நீரு, மலையாளத்தில் வெள்ளம், சிங்களத்தில் வத்துர. வங்காளியில் 'ஜொல்' என்பர். வங்காள தேசத்தில் 'பானி' என்றும் பரவலாக வழங்கும். இந்தி, போஜ்புரி, நேபாளி, அசாமியம் ஆகியவற்றில் 'பானி'. ஒடியா, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி ஆகியவற்றில் 'பாணி'. சந்தாலியில் 'தாக்' என்று கேட்கும். கடைசி மெய் வெடிக்காமல் தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடும்.

'பானி', 'பாணி' என்பவற்றின் வேறுபாட்டைத் தமிழர் செவி எளிதில் பிடித்துக்கொள்ளும். ஏனெனில் ன, ண. ல, ள என்பவற்றை வேறுபடுத்திப் பழகியவர்கள் நாம். நாவை மேல்நோக்கி வளைக்கும்போது வாயறையின் வடிவம் மாறுகிறது. வாயறையின் ஒத்ததிர்வுகளில் மூன்றாவது, வழக்கமாக 2500 அதிர்வுகளை ஒட்டி இருப்பது. நா வளைந்ததும் அது தெளிவாகக் கீழிறங்குகிறது. வளைநா ஒலிகளின் கனத்த நாதத்திற்கு இதுவே காரணம். பொது இந்தியிலும் வங்காளியிலும் 'ள' இல்லை. ஒடியா, மராத்தி, குஜராத்தி ஆகியவற்றில் உண்டு. அசாமியத்தில் நாவை வளைத்து ஒலிக்கும் வழக்கமே இல்லை.

நம் குடும்பத்து மொழிகளிலும் இத்தகைய தடயங்கள் உள்ளன. நம் சொல்லின் முதலில் வரும் 'ப' கன்னடத்தில் பெரும்பாலும் 'ஹ' ஆகிவிட்டது: பால் — ஹாலு, பல் — ஹல்லு, பத்து — ஹத்து, புலி — ஹுலி. தெலுங்கில் 'பாலு', 'பேரு' என்று 'ப' அப்படியே இருக்கிறது. பன்மையில் 'லு' என்று முடிவதும், மரியாதைக்கு 'ரண்டி', 'செப்பண்டி' என்று சொல்வதும் தெலுங்கின் அடையாளங்கள். மலையாளத்தில் மூக்கொலிகள் மிகுதி. மாங்காய் அங்கே 'மாங்ங', மஞ்சள் 'மஞ்ஞள்'. நான் வந்தாலும், அவள் வந்தாலும், அவர்கள் வந்தாலும் வினைச்சொல் 'வந்நு' என்ற ஒன்றுதான். தமிழில் உள்ள ஏன், ஆள், ஆர்கள் என்னும் வால்கள் அங்கே இல்லை.

வாக்கியத்தின் வால்

இந்திய மொழிகள் பெரும்பாலானவற்றில் வினைச்சொல் கடைசியில் வரும். பேசுபவர் மூச்சு விடுவதும் அங்கேதான். ஆகவே வாக்கியத்தின் முடிவு தனித்துக் காதில் விழும். 'ஹை' என்று அடிக்கடி முடிந்தால் இந்தி அல்லது உருது. 'ஆஹே' என்றால் மராத்தி. 'சே' என்றால் குஜராத்தி. 'ஆச்சே' என்றால் வங்காளி. 'அச்சி' என்றால் ஒடியா. குறுகிய 'ச' என்றால் நேபாளி.

வங்காளியையும் ஒடியாவையும் பிரிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டிலும் 'அ' என்பது 'ஒ' போல ஒலிக்கும். ஆனால் ஒடியாவில் சொல்லின் இறுதி உயிர் நிற்கும். வங்காளியில் பல சொற்களில் அது விழுந்துவிடும். பூரியிலுள்ள கடவுளின் பெயரை இந்திக்காரர் 'ஜகன்னாத்' என்பார். வங்காளியர் 'ஜொகொன்னாத்' என்பார். ஒடியர் 'ஜொகொன்னாதொ' என்பார். மூவர் வாயிலும் ஒரே பெயர்; மூன்று மொழிகளும் அதில் வெளிப்பட்டுவிடுகின்றன. வங்காளியில் 'வ' என்பது 'அம்பு' என்பதில் வரும் 'ப' போல் ஆகிவிடுவதால், இரவீந்திரநாதர் அங்கே 'ரொபீந்த்ரொநாத்' ஆகிறார்.

ஜார்க்கண்டிலிருந்து வருபவரிடம் இன்னும் கவனமாகக் காது கொடுக்க வேண்டும். அங்கு 2011 கணக்கின்படி நாடு முழுவதும் 73 இலட்சத்திற்கு மேற்பட்டோர் பேசும் சந்தாலி உண்டு. அது கம்போடியாவின் கெமர் மொழிக்கு உறவானது. இந்திக்கும் தமிழுக்கும் உறவு அன்று. ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பேசும் குருக் மொழியும் அங்கே உண்டு. அம்மொழியில் நான் என்பது 'ஏன்'. நீ என்பது 'நீன்'. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் நாம் என்பது 'நாம்'! ஆம், குருக் ஒரு திராவிட மொழி. 'இந்திக்காரர்' என்று நாம் ஒதுக்கிவிட்ட ஒருவர், மொழியளவில் நமக்கு உறவினராகவே இருக்கக்கூடும்.

அவர்கள் ஏன் அவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள்?

தெரியாத மொழியைக் கேட்கும் எவரும் சொல்லும் புகார் இது. உண்மையில் பேச்சொலியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. அச்சிட்ட வரியில் உள்ளது போன்ற வெற்றிடத்தை ஒலிப்பதிவுக் கருவியில் தேடினால் காணமுடியாது. தெரிந்த மொழியில் நம் மூளையே சொற்களை வெட்டிக்கொள்கிறது. தெரியாத மொழியில் அது இயலாததால், ஒரே வெள்ளமாகத் தோன்றுகிறது.

2019இல் பதினேழு மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. ஜப்பானியர் வினாடிக்கு 8 அசைகளுக்குக் கிட்டப் பேசுகிறார்கள். வியட்நாமியர் 5 அசைகளை ஒட்டியே பேசுகிறார்கள். ஆனால் வியட்நாமிய அசை ஒன்றில் அடங்கும் செய்தி அதிகம். கணக்கிட்டுப் பார்த்தால் எல்லா மொழிகளும் வினாடிக்கு ஏறத்தாழ 39 பிட் அளவு செய்தியையே தருகின்றன. வேகமான மொழி, மந்தமான மொழி என்பதெல்லாம் நம் செவியின் மயக்கமே.

மயங்கும் இடங்கள்

செவி ஏமாறும் இடங்களும் உண்டு. ஒலிப்பதிவைக் கேட்டு மொழியைக் கண்டுபிடிக்கும் கணினி விளையாட்டு ஒன்றில் உலகெங்கும் பலர் கலந்துகொண்டனர். 78 மொழிகள் குறித்து அவர்கள் தந்த சுமார் ஒன்றரைக் கோடி விடைகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. உறவுள்ள மொழிகளும், அருகருகே வழங்கும் மொழிகளும் அதிகமாகக் குழம்பின என்பது எதிர்பார்த்ததே. ஆனால் செல்வமும் செல்வாக்கும் உள்ள நாடுகளின் மொழிகளை மக்கள் எளிதில் கண்டுகொண்டனர் என்பதும் தெரிந்தது. ஆக, ஒரு மொழி நமக்கு 'எல்லாம் ஒன்றுபோல' கேட்டால், குறை அம்மொழியில் இல்லை; அதை நாம் போதிய அளவு கேட்டதில்லை என்பதே பொருள்.

இப்பணியைச் செய்யும் இயந்திரங்களும் வந்துவிட்டன. 1970களில் தொடங்கிய முயற்சி இது. 2023இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட கணினி அமைப்பு ஒன்று 4,000க்கும் மேற்பட்ட மொழிகளை அடையாளம் காணும் என்று அறிவிக்கப்பட்டது. அதுவும் கேட்டுப் பழகித்தான் கற்றுக்கொள்கிறது. எந்த மொழியின் பதிவுகள் குறைவோ, அந்த மொழியில் இயந்திரமும் நம்மைப் போலவே தடுமாறும்.

கத்தியின் மறுபுறம்

பேச்சைக் கொண்டு ஆளை அறிவது ஆபத்தான கருவியாகவும் ஆகியிருக்கிறது. விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு செய்தி வருகிறது. ஆற்றைக் கடக்க வருவோரை ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்களாம். 'ஷிபோலேத்' என்று சொல்லத் தெரியாமல் 'சிபோலேத்' என்றவர்கள் கொல்லப்பட்டனராம். இரு ஒலிகளுக்கும் உள்ள வேறுபாடு, உரசல் ஒலியின் ஆற்றல் சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் குவிகிறதா, தாழ்ந்ததில் குவிகிறதா என்பதுதான். அந்தச் சிறு வேறுபாட்டில் உயிர் ஊசலாடியிருக்கிறது.

இது பழங்கதை மட்டும் அன்று. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையின்போது, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆளைச் சோதித்ததாக உயிர் தப்பியோர் பலர் கூறியுள்ளனர். அச்சொல்லின் முதல் ஒலி அதிர்வுடைய 'ப'. தமிழ்ச் சொற்களின் முதலில் அவ்வொலி வராது என்பதை மேலே கண்டோம். ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படும் அதே கால இடைவெளி, தெருவில் மனிதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிட்டது.

இன்று பல நாடுகள், அடைக்கலம் கேட்டு வருவோர் உண்மையில் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அறிய அவர்களுடைய பேச்சை ஆராய்கின்றன. இதைப் பற்றி 2004இல் மொழியியலார் சிலர் கூடி வழிகாட்டு நெறிகளை வகுத்தனர். பயிற்சி பெற்ற மொழியியலாரே இதைச் செய்ய வேண்டும் என்றும், ஒருவர் எந்தச் சமூகத்தில் பழகி வளர்ந்தார் என்பதைப் பேச்சு காட்டுமே அன்றி, அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைக் காட்டாது என்றும் அவர்கள் எச்சரித்தனர். நமக்கும் அது பொருந்தும். காதில் விழுவது ஒருவரின் தாய்மொழியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சந்தாலி பேசுபவர் நம்மிடம் இந்தியில் பேசலாம். உடன் வேலை செய்பவரிடம் வங்காளியில் பேசலாம்.

செவியைப் பழக்குவது எப்படி?

வானொலியிலோ இணையத்திலோ ஒரே செய்தியைப் பல மொழிகளில் கேட்கலாம். முதலில் பொருளைத் தேடாதீர்கள். தாளத்தைக் கேளுங்கள். அடுத்து வாக்கிய முடிவுகளைக் கவனியுங்கள். பிறகு மூச்சொலி, வளைநா ஒலி, மூக்கொலி என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரே தடயத்தை நம்பாமல் இரண்டு மூன்று தடயங்கள் ஒத்துவரும்வரை பொறுத்திருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் கேட்டு வந்தால், முன்பு 'வடநாட்டுப் பேச்சு' என்று ஒன்றாகத் தோன்றியது தனித்தனி மொழிகளாகப் பிரிந்துவிடும்.

அவசர வேளையில் இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. தெரியாத மொழி பேசும் ஒருவர் உதவி தேடி உங்கள் முன் நின்றால், மொழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லுங்கள்: இந்தி, போஜ்புரி, பாங்லா, ஒடியா, அசமியா, நேபாளி, சந்தாலி, குருக். தம் மொழியின் பெயர் காதில் விழுந்ததும் அவர் முகத்தில் மாற்றம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தம் மொழியின் பெயர் தெரியும். மருத்துவமனை, காவல் நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களில் இப்பெயர்களையும், அந்தந்த மொழி அறிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. செவி ஊகித்துச் சொல்வதை அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்வதே முறை. அதற்கு முன், அவர் 'பானி' என்றாலும் 'பாணி' என்றாலும் 'ஜொல்' என்றாலும் 'தாக்' என்றாலும், ஒரு குவளை தண்ணீரை எடுத்துக் கொடுங்கள்.